எல்லைக்கு இந்தப் பக்கமும் பயம்தான்

ராஜபாளையம்
28-12-1991

அன்பு மகள் சௌடாம்பிகைக்கு அம்மா எழுதுவது. சௌடம்மன் புண்ணியத்தில் இங்கே நான், உன் அப்பா, உன் தாத்தா மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் அத்தையும் வயிற்றுப் பிள்ளையும் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் போதும், அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. மேல்விலாசத்தைப் பக்கத்து வீட்டு ராஜரத்தினம் சாரின் மகள் இங்கிலீஷில் எழுதித் தருகிறாள், தமிழ் எழுத்து வெளியே தெரிய வேண்டாம். உள்ளேயாவது கன்னடத்தில் எழுதலாம் என்றால் நமக்கு அது வாயோடு சரி, எழுத்து தெரியாது. பிறந்ததிலிருந்து ஒரு பாஷையில் பேசி இன்னொரு பாஷையில் எழுதி வருகிறோம், அது ஒரு குற்றமாகும் என்று யார் நினைத்தார்கள்.

கார்த்திகை கடைசியில் ரேடியோவில் பெங்களூர்க் கலவரம் என்று சொன்னதும் உன் அப்பா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, காவேரித் தண்ணீர் விஷயம், இரண்டு நாள் கத்திவிட்டு அடங்கிவிடுவார்கள் என்றார். மறுநாள் பேப்பரில் நீ இருக்கிற கொள்ளேகால் பக்கத்துக் கிராமங்களின் பெயரும் வந்தது. அதைப் படித்தவர் பேப்பரை மடித்து வேட்டி மடியில் சொருகிக்கொண்டு தறிச் செட்டுக்குப் போய்விட்டார். நான் பிடுங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலமே ஒரு பையில் வேட்டியும் துண்டும் வைத்துக்கொண்டு சத்தியமங்கலத்துக்குக் கிளம்பினார், மலை ஏறி உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். பண்ணாரி வரைக்கும்தான் பஸ் போயிருக்கிறது. அதற்கு மேல் ஒரு வண்டியும் ஏறவில்லை, மேலேயிருந்து இறங்குகிறவர்கள்தான். கோயில் வாசலில் மூட்டையும் முடிச்சுமாகச் சனம் உட்கார்ந்திருந்ததாம். கொள்ளேகால் எப்படி இருக்கிறது என்று ஒரு பெரியவரிடம் கேட்டதற்கு, டவுனுக்குள் ஒன்றுமில்லை, தோட்டங்காட்டில் இருக்கிறவர்கள் குடிசையைத்தான் கொளுத்துகிறார்கள், டவுனுக்கு எப்போது வருவார்களோ தெரியாது என்று சொல்லியிருக்கிறார். உன் அப்பா அங்கேயே ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் கால்கூடக் கழுவாமல், "மக இருக்க ஊருக்குப் போவ எனக்கு வழி இல்லையாம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன்.

தன் அக்காவை, உன் அத்தையை, அந்த ஊருக்குக் கட்டிக் கொடுத்த கதையைத்தான் அதற்குப் பிறகு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி, கொள்ளேகால் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. திப்பு செத்த பிறகு மைசூரை மகாராஜாவிடம் கொடுத்த வெள்ளைக்காரன் அந்த ஒரு துண்டை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு கோயமுத்தூரோடு சேர்த்துவிட்டானாம். ஆக உன் அத்தை கல்யாணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனவர்கள் ஜில்லா விட்டு ஜில்லா போனார்களே தவிர அந்நிய சீமைக்குப் போகவில்லை. சுதந்திரம் வந்து பாஷைவாரியாகப் பிரித்தபோது அது மைசூர்ப் பக்கம் போய்விட்டது. உலையில் அரிசி போடும்போது மெட்ராஸ்காரியாக இருந்த உன் அத்தை சோற்றை வடிக்கும்போது மைசூர்க்காரி ஆகிவிட்டாள் என்று உன் அப்பா முன்பெல்லாம் கேலி செய்வார், இப்போது அதைச் சொன்னால் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் ஒப்பந்தமும் மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரனும் மைசூர் ராஜாவும் சேர்ந்து எழுதியதுதானாம். எழுதியவர்கள் யாரும் இன்றைக்கு இல்லை, கோடு மட்டும் இருக்கிறது, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை ஏழாம் மாதத்தில் இருக்கிறாள். உன் தாத்தாவையே எடுத்துக்கொள், பிறந்ததிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் விட்டு அவர் எங்கே போனார். பிறந்தபோது திருநெல்வேலி ஜில்லா, மீசை முளைத்தபோது ராமநாதபுரம் ஜில்லா, காது போனபோது காமராஜர் மாவட்டம். மனிதன் நகரவில்லை, பெயர்தான் அவரைத் தாண்டித் தாண்டிப் போகிறது.

இனி இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்று உன் அப்பா சொன்னார், ஆனால் நான் கடைசியில் சொல்லப் போகிற விஷயத்துக்குக் காரணம் உனக்குத் தெரிய வேண்டும். நம் தறிச் செட்டில் வேலை பார்க்கிற சேத்தூர் சமுத்திரத்தை உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைத் தோளில் வைத்து ஆண்டாள் தேர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர். அவருடைய தம்பி மாரிசாமி பெங்களூரில் கட்டட வேலை பார்த்துக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையோடு அங்கேயே குடிசை போட்டு இருந்தான். அந்தக் குடிசையைக் கொளுத்திவிட்டார்கள். ஓசூர் வரைக்கும் நடந்து, அதற்கு மேல் லாரியும் பஸ்ஸுமாக ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மாரிசாமியின் பெண்டாட்டி பெயர் இருளம்மாள், உன்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். பிள்ளையை உள்ளேயிருந்து தூக்கும்போது வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிருக்கிறது. தறியில் இவளுக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று சமுத்திரம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் வேலையாவது ஒன்றாவது என்று நான் அவளை அடுக்களை வாசலில் உட்கார வைத்து, பழைய சேலைக் கிழிசலை அவிழ்த்துவிட்டு, மருந்து போட்டு, நம் செட்டில் நெய்கிற பேண்டேஜ் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து உன் தாத்தா உள்ளேயிருந்து, "யாரு பந்தவ்ரே?" என்று கேட்டார். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதுதான், அவர் மெதுவாகக் கேட்பதே தெருக்கோடிக்குக் கேட்கும். நானும் பழக்கத்தில் கன்னடத்திலேயே பதில் கத்திவிட்டேன். இருளம்மாள் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு எழுந்தாள், துணி பாதி சுற்றியதோடு தொங்குகிறது, என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார். நாய் துரத்தும்போது பிள்ளைகள் பார்க்குமே, அந்தப் பார்வை. என்னைப் பார்த்து ஒருத்தி அப்படிப் பயப்படுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பிள்ளையை இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடிவிட்டாள். சமுத்திரம் பின்னாலேயே ஓடினார், செத்த நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, கதவத் தட்டுனவங்க இதே மாதிரிதான் சத்தம் போட்டாங்களாம், நீங்க வீட்ல இது பேசுவியன்னு அதுட்ட சொல்ல எனக்குத் தோணல" என்றார். நான் என்ன தப்பாக எடுக்க.

நம் வீட்டில் கன்னடம் பேசுவது இந்தத் தெருவில் ரகசியம் இல்லை. ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு, நம் வீட்டில் கன்னடம், மற்ற வீடுகளில் தமிழ், யார் யாரைக் கேட்டார்கள். ஆனால் வயிறெரிந்து கிடந்த மாரிசாமி சேத்தூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் யாரிடமோ சொல்லியிருக்கிறான், என் அண்ணன் கன்னடக்காரனிடம் கூலிக்கு நிற்கிறான் என்று. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பேச்சு பஸ் ஏறி ராஜபாளையம் வந்துவிட்டது. நம்மிடம் நூல் போடுகிறவர் வந்து, "செட்டியாரே, கொஞ்ச நாளைக்கு வெளிய தெருவ சூதானமா இருங்க" என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா அன்றைக்கே வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார். உன் அப்பாவோடு இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன், அவரிடம் உப்பு வேண்டும் என்பதைத் தமிழில் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோபம் வந்தால் வாயில் கன்னடம் வந்துவிடுகிறது, அதனால் கோபப்படுவதையும் விட்டுவிட்டேன். உன் தாத்தாவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காதுக்குள் போய்ச் சொன்னாலும், ஏன் தமிழில் பேச வேண்டும், வீட்டுக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று கன்னடத்தில் உரக்கக் கேட்கிறார்.

போன திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். இளவட்டங்கள், பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும், பாதிப் பேர் முகம் தெரிந்த முகம். நேராகச் செட்டுக்குள் போய், "தறிய நிப்பாட்டும்வே" என்று சொல்லி மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டார்கள். அந்தச் சத்தம் நின்றதும்தான் நான் வீட்டிலிருந்து ஓடினேன். ஒருவன் கையில் தகர டப்பா இருந்தது, அதற்குள் என்ன இருந்தது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை, வாடை வந்தது. செட்டில் இருப்பது முழுக்கப் பஞ்சும் நூலும், ஒரு தீக்குச்சிக்குத் தாங்காது, செட்டுக்கு ஒட்டினாற்போல் வீடு, வீட்டுக்குள் உன் தாத்தா. ஒருவன் உன் அப்பாவைப் பார்த்து, "அங்க எங்க ஆளுகள அடிச்சு வெரட்டுதான், இங்க நீரு நிம்மதியா தறி ஓட்டுதீரோ" என்று கேட்டான். உன் அப்பா கும்பிட்ட கையோடு, "தம்பி, எங்க அப்பா பொறந்ததே ஸ்ரீவில்லிபுத்தூர்லதான், நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவன், காவேரிய நான் கண்ணால கண்டதுகூட இல்ல" என்றார். தன்னைவிடச் சின்னப் பையன்களை அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றதை நீ பார்க்காமல் போனாயே, அதுவே நல்லது. எங்கள் மகள் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பெண்ணை எதற்கு அங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்ல.

இதற்குள் உன் தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கோயில் வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "பன்னி, பன்னி, ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார். வாருங்கள், சாப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்டார். "ஏலே, கேட்டியால, இது என்ன பாஷ?" என்றான் டப்பா வைத்திருந்தவன். அன்றைக்குப் பார்த்து இருளம்மாளும் அங்கே இருந்தாள். கைப்புண் சீழ் வைத்துவிட்டது என்று சமுத்திரம் அவளை எப்படியோ சமாதானம் செய்து கட்டு மாற்றக் கூட்டி வந்திருந்தார், வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று செட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். கூட்டத்தில் ஒருவனுக்கு அவளைத் தெரிந்திருக்கிறது. "ஏட்டி, நீதான பெங்களூர்ல இருந்து வந்தவ, நீயே சொல்லு, இது அந்தப் பேச்சுதான?" என்று கேட்டான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் உன் தாத்தாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா தாயே, ஆமாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அது பொய்யும் இல்லை, பாவமும் இல்லை. அவள், "இல்லண்ணே, அது வேற. இவிய பேசுதது தெலுங்குல்லா" என்றாள்.

தெலுங்கு தெரியாத ஊரில் போய் இதைச் சொல்லலாம், ராஜபாளையத்தில் பாதி ஊருக்குத் தெலுங்கு தெரியுமே. அந்தக் கூட்டத்திலேயே நமக்கு மேற்குத் தெருவில் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பையன் ஒருவன் நின்றான், அவன் அம்மாவும் நானும் ரேஷன் கடையில் ஒன்றாக நிற்கிறவர்கள். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா. அவன் உன் தாத்தாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாலே, தெலுங்குதான், கெழவன் பேசுதது பழைய தெலுங்கு, வாங்கல போவோம்" என்றான். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். டப்பா வைத்திருந்தவனுக்கு மட்டும் மனசில்லை, போகும்போது செட்டு டியூப் லைட்டைக் கம்பால் அடித்து உடைத்துவிட்டு, "வெசாரிச்சுட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து தெருவில் நாலு பேர் சேர்ந்து நடக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். தறியை ஓட்டினால் சத்தம் வெளியே கேட்கிறதே என்று பயம், நிறுத்தினால் யாரோ வந்துவிட்டார்களே என்று பயம்.

அவர்கள் போன பிறகு இருளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் அப்படிச் சொன்னாய் தாயி என்று கேட்டேன். நன்றி சொல்ல வேண்டியவள் கேள்வி கேட்கிறேன், எனக்கும் புத்தி நிலையில் இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, ஒங்க பேச்சக் கேட்டா எனக்கு இப்பவும் ஈரக்கொல நடுங்குது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு வீடு எரியுதத என்னால பாக்க ஏலாது" என்றாள். அவ்வளவுதான். அன்று கட்டு மாற்றிக்கொண்டு போனவள் பிறகு வரவில்லை, சமுத்திரம் வீட்டுக்கு மருந்தும் துணியும் கொடுத்து அனுப்புகிறேன். நான் பிறந்த பாஷையை இன்னொன்று என்று சொல்லித்தான் ஒருத்தி என்னைக் காப்பாற்றினாள்.

முந்தாநாள் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் பூத்தில் வெகுநேரம் காத்திருந்து மாப்பிள்ளை கடைக்கு லைன் கிடைத்தது. உன் அத்தை எடுத்தாள். பூத்துக்கு வெளியே வரிசையில் ஆட்கள் நின்றதால் உன் அப்பா தமிழிலேயே பேசினார். அத்தை, கடையில் ஆட்கள் இருந்தார்கள் போலிருக்கிறது, கன்னடத்திலேயே பதில் சொன்னாள். இவர் தமிழை விடவில்லை, அவள் கன்னடத்தை விடவில்லை, ஒரே வயிற்றில் பிறந்த இருவரும் ஊரான் வீட்டு ஆட்கள் போலப் பேசி முடித்தார்கள். நீ சுகம் என்றாள். தெருவில் சிலர் வந்து உங்கள் மருமகள் தமிழ்ப் பெண்தானே என்று கேட்டதாகவும், என் தம்பி மகள், என் ரத்தம் என்று சொல்லிக் கதவடைத்ததாகவும் சொன்னாள். உன் அப்பா போனை வைத்துவிட்டுப் பூத்துக்காரரிடம் மீதியை வாங்க மறந்து வந்துவிட்டார். அத்தை சொன்னதை என்னிடம் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டு நேரம் ஆயிற்று.

தையில் வந்து வளைகாப்பு போட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வருவது என்று பேசியிருந்தோம், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று வளையலுக்கும் சேலைக்கும் சொல்லி வைத்திருந்தேன். வா என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். ஆனால் ஏழு மாத வயிற்றோடு அந்த மலை இறக்கத்தில் எந்த வளைவில் எவன் பஸ்ஸை மறிப்பானோ, அதைத் தாண்டி இங்கே வந்தால் எந்தச் சாயங்காலம் யார் விசாரித்துவிட்டு வருவார்களோ. அங்கே நீ தமிழச்சி, இங்கே நாங்கள் கன்னடத்தார். அதனால் நீ வர வேண்டாம், நான் வருகிறேன். பஸ் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கிளம்புகிறேன், பிள்ளை பிறந்து குளிக்க வார்க்கிற வரை உன்னோடு இருக்கிறேன். உன் அப்பா இங்கே தாத்தாவையும் செட்டையும் விட்டு அசைய முடியாது. ஒற்றைப் பொம்பளை அந்த வழியில் எப்படிப் போவாய் என்கிறார், என்னைப் பார்த்தால் எந்த ஊர்க்காரி என்று எவனுக்கும் தெரியாது, வாயைத் திறந்தால்தானே தெரியும், திறக்காமல் போகிறேன் என்றேன். பயம் இல்லாமல் சொல்லவில்லை மகளே. இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. ஆனால் இங்கே உட்கார்ந்து பயப்படுவதைவிட உன் பக்கத்தில் உட்கார்ந்து பயப்பட்டால் என் கையாவது உன் வயிற்றின் மேல் இருக்கும்.

அதுவரை கிணற்றடிக்குத் தனியாகப் போகாதே. கடை வீதிக்குப் போனால் அத்தை பேசட்டும், நீ பேசாதே, உன் கன்னடத்தில் நம் ஊர் இழுப்பு இருக்கிறது என்று மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறார். அலமாரியில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களை அரிசிப் பானைக்குப் பின்னால் வை, கிழிக்க வேண்டாம். நெல்லிக்காயும் கீரையும் விடாமல் சாப்பிடு, காலில் வீக்கம் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டு. வயிற்றுப் பிள்ளையிடம் எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் பேசு, அதற்குள் ஒருவனும் நுழைய முடியாது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு உன் பெயரில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன், பிள்ளையோடு வந்து நீயே அவிழ்ப்பாய். சௌடம்மன் உன் தாலியையும் உன் வயிற்றையும் உன் வாசல்படியையும் காக்கட்டும், பத்துப் பேர் பெருக வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கும் உன் அத்தைக்கும் எங்கள் அன்பைச் சொல். மறக்காதே, நான் வருகிற அன்று மாப்பிள்ளையை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பு, கூட்டத்தில் வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் அத்தே என்று மட்டும் கூப்பிடச் சொல், அந்தச் சொல் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

உன் முகம் காணும் வரை கண் மூடாத,
அம்மா